பன்றி இறைச்சி போட்ட பட் சீ யூ (சோயா சாஸ் விட்டு வறுத்த தாய்லாந்து அரிசி நூடுல்ஸ்) ஒரு தட்டில் எவ்வளவு கலோரி, டயட்டில் இருப்பவர் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஆனால் லேசான உணவு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முழுத் தட்டு ஏறத்தாழ 650 முதல் 800 கலோரி வரும். அகலமான அரிசி நூடுல்ஸ் 250 கிராம் என்று வைத்தால் அதிலேயே 270-க்கு மேல், கூடவே மாவுச்சத்து 60 கிராம் அளவுக்கு. கொழுப்பில்லாத இறைச்சி 80 கிராம், ஒரு முட்டை இரண்டும் சேர்ந்து 22 கிராம் புரதம் தரும், அது நல்ல அளவுதான்.

பலர் கணக்கில் விடுவது எண்ணெயைத்தான். ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. நூடுல்ஸ் வாணலியில் ஒட்டாமல், ஓரம் கருகிச் சிவக்க வேண்டும் என்பதற்காகத் தெருக்கடையில் தாராளமாகவே ஊற்றுவார்கள்.

எனக்கு அதைவிடக் கவலை உப்பு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம், மீன் சாஸில் 1400 வரை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கச் சொல்லும் அளவே 2000-க்குள்தான், அப்புறம் பாருங்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

தாய்லாந்துக் கடை மேசையில் சர்க்கரை, மிளகாய்த்தூள், மீன் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர் என நான்கு கிண்ணம் இருக்கும். வினிகரை மட்டும் எடுங்கள், சுவையும் தூக்கும், உப்பும் ஏறாது. சீனக் கீரையான கைலானை அதிகம் போடச் சொல்லுங்கள். கால்சியமும் நார்ச்சத்தும் கிடைக்கும். சர்க்கரை நோய் இருந்தால் நூடுல்ஸைப் பாதியாகக் குறைத்து இறைச்சியைக் கூட்டிக் கேளுங்கள், அப்போதே வறுப்பதால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.