வாசகர் கேள்வி – பதில்: அரசியல் அறிவியல் படிப்பது கட்சியில் சேர்வதற்கா?

கேள்வி: பிளஸ் டூ முடிக்கப்போகும் என் மகள் பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர விரும்புகிறாள். ‘கட்சியில் சேரப் போகிறாளா?’ என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு உதவும் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்த்துவிடலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: உறவினர்களின் கேலி எனக்குப் பழகியதுதான். நான் பாடம் நடத்திய காலத்தில், ஆண்டுதோறும் முதல் வகுப்பிலேயே யாராவது ஒருவர் எழுந்து, ‘சார், நீங்கள் எந்தக் கட்சி?’ என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்விக்கும் இந்தப் படிப்புக்கும் உள்ள தொலைவைப் புரியவைக்கவே முதல் பருவம் செலவாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க. ஏறத்தாழ 44 விழுக்காடு வாக்குகளைக் கொண்டு 37 இடங்களை வென்றது. 23 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குகள் பெற்ற தி.மு.க.வுக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. டீக்கடையில் இதைத் தலைவரின் செல்வாக்கு என்று சொல்லி முடித்துவிடலாம். அரசியல் அறிவியல் மாணவரோ, தொகுதியில் முந்தியவரே வென்றவர் என்னும் நம் தேர்தல் முறை வாக்கை எப்படி இடமாக மாற்றுகிறது, கூட்டணி பிரிந்து பலமுனைப் போட்டி வரும்போது யாருக்கு ஆதாயம், மாநிலம் முழுக்கப் பரவிக் கிடக்கும் வாக்கும் ஒரு வட்டாரத்தில் திரண்டிருக்கும் வாக்கும் ஒரே பயனைத் தருமா என்றெல்லாம் கேட்க வேண்டும். இத்தகைய தேர்தல் முறை இருகட்சிப் போட்டியை நோக்கித் தள்ளும் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஷே கூறியதை இந்திய மாநிலங்களோடு ஒப்பிட்டு, அது எங்கே பொருந்துகிறது, எங்கே பொய்க்கிறது என்று பார்ப்பதில்தான் பாடத்தின் சுவை தொடங்குகிறது.

அரசமைப்புச் சட்டமும் அப்படியே. ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ வேறுவகையிலோ மாநில அரசைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர வழிசெய்யும் 356ஆவது பிரிவை மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் 1991-இல் ஆளுநர் பர்னாலா அறிக்கை அனுப்பாத நிலையிலும், அப்பிரிவில் உள்ள ‘அல்லது வேறுவகையில்’ என்ற சொற்களைப் பற்றிக்கொண்டு தமிழக அரசு கலைக்கப்பட்டது எப்படி, 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த அதிகாரத்தை நீதிமன்ற ஆய்வுக்கு உட்படுத்திய பிறகு என்ன மாறியது என்று தொடர்ந்து செல்லும்போதுதான் கூட்டாட்சி என்ற சொல்லுக்கு உயிர் வருகிறது. இவற்றோடு அரசியல் கோட்பாடு, பொது நிருவாகம், பன்னாட்டு உறவுகள் ஆகியவையும் பாடத்திட்டத்தில் இருக்கும்.

ஐ.ஏ.எஸ். பற்றிய உங்கள் கணக்கு பாதி சரி. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் சேர்ந்த விருப்பப்பாடத்துக்கு 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்கள் உண்டு. பொது அறிவின் இரண்டாம் தாளிலும் அரசமைப்பும் ஆட்சிமுறையும் வெளியுறவும்தான் பெரும்பகுதி. எனினும் அந்த விருப்பப்பாடத்தைப் பொறியியல் பட்டதாரியும் எடுக்கலாம். தேர்வில் தேறாதவர்களே மிகப் பெரும்பாலோர் என்பதால், அதை மட்டும் நம்பி மூன்றாண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். சட்டப் படிப்பு, இதழியல், கொள்கை ஆய்வு, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள், நெட் தேர்வு வழியாகக் கல்லூரி ஆசிரியப் பணி என்று வேறு வாசல்களும் உள்ளன. ஆனால், பட்டம் பெற்ற மறுநாளே வேலை என்ற உறுதியை இந்தப் படிப்பு தருவதில்லை. மகளிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அதன் பிறகும் அவள் விரும்பினால் தடுக்காதீர்கள்.

கேள்வி: தமிழ்வழியில் இதே பாடத்தைப் படிக்கிறேன். முதுகலைக்கு வெளிமாநிலம் செல்ல முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடியும். தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம், ஐதராபாத் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் க்யூட் முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். உங்களுக்கு உண்மையான தடை அந்தத் தேர்வு அல்ல, வாசிப்புத்தான். அங்கே வாரந்தோறும் ஆங்கிலக் கட்டுரைகளைக் குவியலாகக் கொடுப்பார்கள். ஆகவே இப்போதே ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றை நாள்தோறும் படித்து, அதன் வாதத்தை ஐந்து வரித் தமிழில் எழுதிப் பழகுங்கள். குடிமைப் பணித் தேர்வில் விடைகளைத் தமிழிலேயே எழுதலாம் என்றாலும், இப்பாடத்தின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது என்பதால், அந்த எண்ணம் இருந்தாலும் இப்பயிற்சி தேவைப்படும். புள்ளியியலில் அடிப்படையையும் கற்றுக்கொள்ளுங்கள். கலைப் பிரிவு மாணவர்கள் கணக்குக்கு அஞ்சி இதை ஒதுக்கிவிட்டு, பிறகு தேர்தல் ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளைப் படிக்க முடியாமல் திண்டாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.