கணினிக் கேள்வி–பதில்: பட்டியலுக்கு நாமே வண்ணம் தீட்டினால்

மளிகைக் கடைக்கு பில் போடும் புரோகிராமை சி ஷார்ப் மொழியில், திரைகளை அமைக்க உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதுகிறேன். இருப்பு குறைந்த பொருள்களைச் சிவப்பில் காட்ட லிஸ்ட்பாக்ஸை (பட்டியல் பெட்டி) ஓனர்டிராவுக்கு (வரிகளை நாமே வரையும் முறை) மாற்றினேன். இப்போது எந்த வரியைத் தேர்ந்தெடுத்தேன் என்றே தெரியவில்லை. பட்டியல் காலியாக இருக்கும்போது புரோகிராம் நின்றுவிடுகிறது. தமிழ் எழுத்துகளின் அடிப்பகுதியும் வெட்டுப்படுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

மூன்றும் தனித்தனி நோய்கள். முதல் இரண்டும் ஓனர்டிராவால் வந்தவை, மூன்றாவது அதற்கு முன்பே இருந்தது.

யார் வரைவது என்பதைச் சொல்லும் டிராமோடை 'ஓனர்டிரா ஃபிக்ஸட்' என்று மாற்றியதுமே விண்டோஸ் தூரிகையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தேர்ந்த வரியின் நீலப் பின்னணி, ஃபோகஸைக் காட்டும் புள்ளிக்கோடு எல்லாம் அதன் பிறகு உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு வரியையும் வரையச் சொல்லி வரும் டிராஐட்டம் நிகழ்வில் இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் இண்டெக்ஸ் (வரி எண்) சோதனை, அடுத்து டிராபேக்கிரவுண்ட், அதன்மேல் எழுத்து, கடைசியில் டிராஃபோகஸ்ரெக்டாங்கிள். எழுத்தை வரைந்துவிட்டுப் பின்னணியைத் தீட்டினால் சுவரில் விளம்பரம் எழுதிவிட்டு அதன்மேல் சுண்ணாம்பு அடித்த கதைதான்.

நிறத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நிகழ்வோடு வரும் ஃபோர்கலர், வரி தேர்ந்திருந்தால் தானாகவே தேர்வுக்குரிய நிறத்தைத் தரும். நீங்கள் எல்லா நேரமும் சிவப்பையே கொடுத்தால் நீலத்தின்மேல் சிவப்பு விழுந்து, படிக்கவே முடியாது. வரியின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டில் 'செலக்டட்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபோர்கலர், இல்லாமல் இருப்பும் குறைவாக இருந்தால் மட்டும் சிவப்பு.

காலிப் பட்டியலுக்கு ஃபோகஸ் வரும்போது இண்டெக்ஸ் –1 என்று வரும். அந்த எண்ணை வைத்து ஐட்டம்ஸில் தேடினால் பிழை எழாமல் இருக்குமா? முதல் வரியிலேயே 'இண்டெக்ஸ் 0-க்குக் கீழே என்றால் திரும்பிவிடு' என்று எழுதுங்கள்.

எழுத்து வெட்டுக்கு வருவோம். பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் ஃபார்மின் இயல்பு எழுத்துரு மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப் 8.25. அதற்கு வரி உயரம் 13 பிக்ஸல். அந்த எழுத்துருவில் தமிழ் கிடையாது. அதனால் விண்டோஸ் வேறொரு எழுத்துருவிலிருந்து தமிழைக் கடன் வாங்குகிறது, ஆனால் உயரத்தை மட்டும் பழையபடி விட்டுவிடுகிறது. கு, டு, ளு வால்கள் கீழே அறுபடுவது அதனால்தான். லிஸ்ட்பாக்ஸுக்கு நிர்மலா யூஐ 11 என்று நேரடியாகக் கொடுங்கள். விண்டோஸ் 7 ஓடும் கடை என்றால் லதா. ஓனர்டிராவில் எழுத்துருவை மாற்றினாலும் ஐட்டம்ஹைட் (வரி உயரம்) தானாக வளராது. ஃபார்ம் திறக்கும்போது 'ஃபாண்ட் உயரம் + 6' என்று நீங்களே கணக்கிட்டுப் போடுங்கள். 24 என்று கையால் எழுதிவைத்தால், திரையை 125 சதவீதத்தில் வைத்திருக்கும் கடையில் மறுபடியும் வெட்டும்.

எழுத்தை வரைய டிராஸ்ட்ரிங் வேண்டாம், டெக்ஸ்ட்ரெண்டரர் போதும். வெர்டிகல்சென்டர் (வரியின் உயரத்தில் நடுவே), எண்ட்எலிப்ஸிஸ் (இடம் போதாவிட்டால் முடிவில் '...'), நோபிரிஃபிக்ஸ் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். நோபிரிஃபிக்ஸ் இல்லையென்றால் 'உப்பு & மிளகு' என்ற பெயரில் உள்ள & காணாமல் போய், அடுத்த எழுத்துக்குக் கீழே கோடு விழும். நீளப் பெயர்களை சப்ஸ்ட்ரிங்கால் நறுக்குவதை விட்டுவிடுங்கள். 'கொத்தமல்லி' நம் கண்ணுக்கு 6 எழுத்து, கணினிக்கு 10 குறி. 7-இல் நறுக்கினால் 'ல்' புள்ளியை இழந்து 'கொத்தமல' என்று நிற்கும். எண்ட்எலிப்ஸிஸுக்கு இந்த வம்பு இல்லை.

கிடைமட்ட ஸ்க்ரோல்பார் வேண்டுமானால் ஹரிஸான்டல்எக்ஸ்டென்டையும் நீங்கள்தான் நிரப்ப வேண்டும். ஓனர்டிராவில் அதைக் கணக்கிட்டுத் தர ஆளில்லை.

முந்திரி லாட் விவரங்கள் 40,000 வரிகள் லிஸ்ட்வியூவில் (பல பத்திகள் கொண்ட பட்டியல்) இருக்கின்றன. திறக்க நேரமாகிறது, உருட்டினால் மினுக்குகிறது. எடைப் பத்தியைச் சொடுக்கினால் வரிசையும் தப்பாக வருகிறது.
– வாசகி, பண்ருட்டி

40,000 வரியை ஒரே பார்வையில் படிப்பவர் யாரும் இல்லை; திரையில் தெரிவது 30 இருக்கும். விர்ச்சுவல்மோடை இயக்கி, விர்ச்சுவல்லிஸ்ட்சைஸில் 40,000 என்று கொடுங்கள். லிஸ்ட்வியூ தனக்குத் தேவையான வரியை மட்டும் ரிட்ரீவ்விர்ச்சுவல்ஐட்டம் நிகழ்வில் கேட்கும். அங்கே ஐட்டத்தை உருவாக்கி, பத்திகளின் எண்ணிக்கைக்குச் சரியாக சப்ஐட்டங்களை (ஒவ்வொரு பத்திக்கும் உரிய தகவல்) சேர்த்துக் கொடுங்கள். அந்த நிகழ்வுக்குள் டேட்டாபேஸுக்குப் போகாதீர்கள். தகவல் முன்கூட்டியே ஓர் அரேயில் (நினைவகத்தில் வரிசையாக வைத்த தொகுப்பு) இருக்கட்டும்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலையும் உண்டு. ஐட்டம்ஸ்.ஆட் இனி பிழை தரும். செலக்டட்ஐட்டம்ஸுக்குப் பதில் செலக்டட்இண்டிசஸ்தான். லிஸ்ட்வியூவின் சொந்த வரிசைப்படுத்தல் வேலை செய்யாது, டைல் காட்சியும் கிடையாது. அரேயை நீங்களே வரிசைப்படுத்திவிட்டு ரெஃப்ரெஷ் சொல்ல வேண்டும்.

அதுவே உங்கள் எடைச் சிக்கலையும் தீர்த்துவிடும். 11.34 கிலோ டின்னில் 100 டின் 1134 கிலோ, 20 டின் 226.8, 8 டின் 90.72. இவற்றை எழுத்தாக ஒப்பிட்டால் முதல் இலக்கத்தைத்தான் பார்க்கும்: 1134, 226.8, 90.72 என்று ஏறுவரிசை என்ற பெயரில் இறங்கிவரும். அரேயில் எடையை டெசிமலாக (தசம எண்ணாக) வைத்து அதைக் கொண்டே ஒப்பிடுங்கள். எழுத்தாக மாற்றுவது திரையில் காட்டும் நேரத்தில் மட்டும்.

மினுக்கலுக்கு டபுள்பஃபர்டு (மறைவில் வரைந்து முடித்து ஒரேயடியாகத் திரையில் காட்டுவது). அது புரொடெக்டட் பண்பு என்பதால் வெளியிலிருந்து தொட முடியாது. லிஸ்ட்வியூவிலிருந்து ஒரு சிறிய வகுப்பைப் பிரித்தெடுத்து, கன்ஸ்ட்ரக்டரில் ட்ரூ என்று ஒரு வரி எழுதினால் போதும். வரி உயரத்தைக் கூட்டுவதற்கு லிஸ்ட்வியூவில் நேரான பண்பே இல்லை. 1 பிக்ஸல் அகலம், 28 பிக்ஸல் உயரம் கொண்ட இமேஜ்லிஸ்டை ஸ்மால்இமேஜ்லிஸ்டாகக் கொடுப்பதுதான் எல்லோரும் செய்யும் குறுக்கு வழி. பார்க்க அசிங்கம், ஆனால் நிற்கும்.

பொருள் பெயர்களை ஆர்டினல் ஒப்பீட்டில் வரிசைப்படுத்தினேன். பயறுக்கு முன்பே பனங்கற்கண்டு வருகிறது. கட்டிப் பெருங்காயம், கடலைப் பருப்புக்குப் பின்னால் போகிறது. அகராதி வரிசை கிடைக்குமா?
– வாசகர், வில்லியனூர்

ஆர்டினல் என்பது யூனிகோடு குறியெண் வரிசை. அதில் ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும் உட்கார்ந்திருக்கின்றன. நம் அகராதியில் இரண்டும் கடைசி. புள்ளிக்குரிய குறியோ உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் 'ட்' வரவேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போகிறது.

நீங்களே எண் கொடுத்துவிடுங்கள். உயிர் 1 முதல் 12, ஆய்தம் 13. மெய்களை க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்று 0 முதல் 17 வரை எண்ணுங்கள். ஒவ்வொரு மெய்க்கும் 13 வடிவம்: புள்ளி 0, அகரம் 1, ஆகாரம் 2 என்று ஔ வரை 12. எழுத்தின் எண் = 14 + மெய் × 13 + வடிவம். க் 14, க 15. கடைசியாக வரும் னௌ சரியாக 247. பள்ளியில் படித்த அதே 247. கிரந்தத்தை 248-இலிருந்து தொடருங்கள்.

சோதித்துப் பாருங்கள். 'கட்டி' 15, 66 என்று தொடங்கும். 'கடலை' 15, 67. கட்டி முன்னால். 'பயறு' 119, 145. 'பனங்' 119, 236. பயறு முன்னால்.

ஒரு பொறி உண்டு. 'கொ'வில் உள்ள கொம்பும் காலும் சில பழைய கோப்புகளில் இரண்டு தனிக் குறிகளாகக் கிடக்கும். எண்ணாக மாற்றும் முன் நார்மலைஸ் செய்தால் ஒன்றாகிவிடும். லிஸ்ட்பாக்ஸின் சார்டட் பண்பை ஃபால்ஸ் என்றே விடுங்கள். ட்ரூ என்றால் அது தன் வரிசையில் அடுக்கும், உங்கள் ஒப்பீட்டை அதற்குக் கொடுக்க வழியில்லை.

டபிள்யூபிஎஃப் (விண்டோஸில் திரை அமைக்கும் இன்னொரு முறை) லிஸ்ட்பாக்ஸில் வாடகையை வலது ஓரத்தில் காட்ட வேண்டும். கிரிட் போட்டும் பெயரை ஒட்டியே நிற்கிறது.
– விடுதி நடத்தும் வாசகர், புதுச்சேரி

கிரிட் சரிதான், அதைச் சுமக்கும் லிஸ்ட்பாக்ஸ்ஐட்டம் சுருங்கியிருக்கிறது. ஐட்டம்கன்டெய்னர்ஸ்டைலில் ஹரிஸான்டல்கன்டென்ட்அலைன்மென்ட்டை ஸ்ட்ரெட்ச் ஆக்குங்கள். அப்படியே, லிஸ்ட்பாக்ஸை ஸ்டாக்பேனலுக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். அங்கே உயரத்துக்கு வரம்பில்லாததால் எல்லா வரிகளையும் ஒரேயடியாக உருவாக்கும்.

ஜாவா ஸ்விங் ஜேலிஸ்டில் ஜேலேபிளைக் கொண்டு ரெண்டரர் (வரிகளை வரைந்து காட்டும் பகுதி) எழுதினேன். பின்னணி நிறம் வரவே இல்லை.
– கல்லூரி மாணவி, கடலூர்

ஜேலேபிள் இயல்பாகவே பின்னணி தீட்டாது. செட்ஓபேக் ட்ரூ கொடுங்கள். எல்லா வரிகளுக்கும் அந்த ஒரே லேபிள்தான் ரப்பர் ஸ்டாம்ப் போலக் குத்தப்படுகிறது. ஆகவே ஒரு வரிக்குச் சிவப்பு கொடுத்தால், மற்ற வரிகளுக்கு 'எல்ஸ்' பகுதியில் பழைய நிறத்தைத் திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள்.