வாசகர் கேள்வி: உலருணவுப் பொதி குடுக்கிற நாங்க அரசாங்கத்தோட கதைக்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. அப்பாட ஞாபகமா நாங்க குடும்பமா ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துறம். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் பிள்ளைகளுக்கு மாச உதவித்தொகையும் உலருணவுப் பொதியும் குடுக்கிறது. எங்கட்ட வாற அம்மாமார் நிறையப் பேருக்கு அஸ்வெசும, அதான் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற மாச உதவிக் காசு, கிடைக்கேல்ல, ஏன் எண்டும் தெரியாது, மேன்முறையீடு போட்டும் பதில் இல்ல. இதப்பற்றி மேல கதைக்கோணும் எண்டு நான் சொன்னா கமிட்டில இருக்கிற மாமா அது அரசியல், பதிவு போயிடும் எண்டுறார். லண்டன்லயும் அமெரிக்காவிலயும் இருந்து காசு அனுப்புற சொந்தக்காரரும் பயப்படுறாங்க. என்ன செய்யலாம்? — வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, மாமா பயப்படுறதுல பாதி நியாயம் இருக்கு. ஒரு கட்சிக்கு வோட்டு கேக்கிறது, ஒரு வேட்பாளரோட மேடையில ஏறுறது எல்லாம் அறக்கட்டளைக்கு வேண்டாத வேல, அந்தப் பக்கமே போகாதீங்க. ஆனா ஒரு திட்டம் சேரவேண்டிய ஆளுக்குச் சேரேல்ல எண்டு ஆதாரத்தோட சொல்றது கட்சி அரசியல் இல்ல. முதல்ல உங்கட அறக்கட்டளைட யாப்ப, அதான் சட்டதிட்டம் எழுதின பத்திரத்த எடுத்து நோக்கங்கள் எண்ட பகுதிய மாமாவையும் வச்சுக்கொண்டு வாசிங்க. வறிய குடும்பங்களுக்கு உதவுறது எண்டு அதுல இருந்தா, அந்தக் குடும்பங்களுக்காக கடிதம் எழுதுறதும் அந்த நோக்கத்துக்குள்ளதான் வரும். தொண்டு அமைப்புகளப் பதியிற 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ பதிஞ்சிருந்தாலும் சரி, கம்பனியா பதிஞ்சிருந்தாலும் சரி, சந்தேகம் இருந்தா ஒரு சட்டத்தரணிட்ட யாப்பக் காட்டி ஒருக்கா கேட்டுக்கொள்ளுங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல வாறது உங்கட பைல்களப் பற்றி. அஸ்வெசும 2023 ஜூலைல தொடங்கேக்க வறுமைய அளக்க 22 குறிகாட்டிகள வச்சு ஆக்களத் தெரிவு செய்தாங்க, 2025 ஜனவரில இருந்து மிக வறிய குடும்பத்துக்கு மாசம் 17,500 ரூபா வரைக்கும் போகுது, அது கிடைக்கிற வீட்டுக்கும் கிடைக்காத வீட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அந்தக் குறிகாட்டிகள் கொழும்பில நெருக்கமா வீடுகள் இருக்கிற ஒரு தோட்டத்து வீட்டுக்குள்ள எப்பிடிப் பிழையாப் போகுது எண்டது ஒபிஸ்ல இருக்கிற ஆளுக்குத் தெரியாம இருக்கலாம், உங்களுக்குத் தெரியும். உங்கட விண்ணப்பப் படிவத்தில கரண்ட் மீட்டர் யார்ட பேர்ல, ஒரு மீட்டர்ல எத்தன குடும்பம், வீடு சொந்தமா வாடகையா, அம்மா என்ன வேல, மேன்முறையீடு எப்ப போட்டது, பதில் வந்ததா எண்டு சில கட்டம் சேத்துப் பாருங்க. மூண்டு நாலு மாசத்தில ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருதா எண்டு தெரிஞ்சிடும். ஒரு அம்மாட கஷ்டத்தச் சொன்னா பாவம் எண்டு கேட்டுட்டு விட்டுடுவாங்க, முப்பது குடும்பம் ஒரே காரணத்தால விடுபட்டிருக்கு எண்டா அதிகாரி பதில் சொல்லியே ஆகோணும். பேரும் அடையாள அட்டை இலக்கமும் வெளிய போகக்கூடாது, அந்த அம்மாமார்ட சம்மதம் கேக்காம ஒண்டும் குடுக்காதீங்க, இதுல நான் கண்டிப்பு.

அதுக்குப் பிறகு பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம். ஒரு பக்கம் போதும், தமிழ்லயே எழுதுங்க, தமிழ்ல எழுதி தமிழ்ல பதில் வாங்க உங்களுக்கு அரசியலமைப்பில உரிமை இருக்கு. உங்கட கொப்பியில திகதி சீல் அடிச்சு வாங்கி வச்சுக்கொள்ளுங்க, சீல் இல்லாத கடிதம் குடுக்காத கடிதம்தான். பதில் வரேல்லையா, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ அந்தச் செயலகத்துத் தகவல் அலுவலர்ட்ட கேளுங்க: இந்தப் பிரிவில எத்தன மேன்முறையீடு வந்தது, எத்தன தீர்ந்தது, எத்தன தேங்கி நிக்குது? ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல, விண்ணப்பத்துக்குக் காசும் இல்ல, 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும். அமைப்பு பேர்லயும் கேக்கலாம், உறுப்பினர்ல நாலில மூண்டு பங்கு இலங்கைப் பிரஜைகளா இருந்தா. வெளிநாட்டுப் பிரஜையான சொந்தக்காரர் நிறையப் பேர் உறுப்பினரா இருந்தா, சிக்கல் வேண்டாம், உங்கட சொந்தப் பேர்ல போடுங்க.

தனிய நிக்காதீங்க. கோயில் அன்னதான சபை, சர்ச்ல உதவி செய்றவங்க, பள்ளிவாசல் ஸகாத் கமிட்டி எல்லார்ட்டயும் இதே மாதிரி லிஸ்ட் இருக்கும். சேந்து கையெழுத்து வச்சா மாமா சொல்ற பயமும் குறையும். பாராளுமன்றத்தில பொது மனுக்கள் பற்றிய குழு எண்டு ஒண்டு இருக்கு, எம்.பி. ஒருத்தர் மூலமாத்தான் மனு போகும். ஒரே கட்சி ஆள மட்டும் பிடிக்காம எல்லாப் பக்கத்து எம்.பி.மாருக்கும் கொப்பி குடுங்க.

லண்டன் சொந்தக்காரர் பதிவுசெய்த சரிட்டி மூலமா அனுப்பினா, அங்க உள்ள விதி சரிட்டிட நோக்கத்துக்காக பிரசாரம் செய்ய இடம் குடுக்குது, கட்சிய ஆதரிக்கத்தான் ஏலாது. அமெரிக்காவில தனியார் அறக்கட்டளை எண்டா 1969 வரிச் சட்டம் கொஞ்சம் இறுக்கம். குறிப்பிட்ட ஒரு சட்டமூலத்த வரச் செய்ய அல்லது தடுக்க செலவழிச்சா வரி விழும். ஆனா ஆய்வு செய்து வெளியிடுறதுக்கும், ஒரு திட்டத்த ஒழுங்கா நடத்துங்க எண்டு அதிகாரியோட கதைக்கிறதுக்கும் அந்தத் தடை இல்ல. நீங்க கேக்கிறது இந்த ரெண்டாவதுதான், அத அவங்களுக்கு எழுத்தில விளங்கப்படுத்துங்க.

கேள்வி: எங்கட அமைப்பில வேல செய்ய ரெண்டே பேர். உதவி குடுக்கிறதோட அரசாங்கத்தோடயும் கதைக்க நேரம் எங்க? — தெமட்டகொட வாசகர்

பதில்: தம்பி, வருஷத்துக்கு ஒரே ஒரு விஷயம் எடுங்க, அது போதும். பட்ஜெட் வழக்கமா நவம்பர்ல வாசிக்கிறாங்க, அதுல காசு ஒதுக்கவேண்டிய கோரிக்கை எண்டா ஆகஸ்ட், செப்டெம்பர்லயே அமைச்சுக்குப் போயிருக்கோணும். டிசம்பர்ல போற கடிதம் அடுத்த வருஷத்துக்குத்தான்.