கான்செப்ட் ஆல்பம் என்றால் என்ன? ஏன் வரிசையாகக் கேட்கச் சொல்கிறார்கள்?

பாடல்களைத் தனித்தனியாக எழுதிச் சேர்க்காமல், ஒரே எண்ணத்தைச் சுற்றிக் கோத்த ஆல்பத்துக்குத்தான் அந்தப் பெயர்.

இப்படி ஒன்று பிறந்ததற்குக் காரணம் இசைத்தட்டில் இருக்கிறது. பழைய சிறிய தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம், ஒரு பாட்டு, அவ்வளவுதான். 1948-ல் எல்பி என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்ததும் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அவ்வளவு இடம் கிடைத்தால் யாருக்குத்தான் பெரிதாக யோசிக்கத் தோன்றாது?

வரிசை ஏன் என்றால், நம் வடஆற்காட்டுக் கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டியங்காரன் வந்து, வேஷங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குள்ளிருந்து வெளிப்பட்டு, விடிய விடிய ஏறும் சூடு அது. துகிலுரிதல் மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

பிங்க் ஃபிளாய்டு என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே அடங்குகிறது. நடுவே திடீரென்று கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அலறும். காட்பாடியில் ரயில் ஏறியதும் போட்டேன், தெரியாமல் ஷஃபிளில், அதாவது பாடல்கள் வரிசை கலைந்து ஓடும்படி. கடைசித் துடிப்பு முதலிலேயே வந்துவிட்டது. ஒன்றும் புரியவில்லை, பிடிக்கவும் இல்லை. திரும்பி வரும்போது வரிசையாகக் கேட்டேன். சுமார் 43 நிமிடம், ஜன்னல் பக்கமே பார்க்கவில்லை. என்னைக் கேட்டால் ராக்கில் இதற்கு மேல் ஒன்று இல்லை (சண்டைக்கு வருபவர்கள் வரலாம்).

கான்செப்ட் ஆல்பம் என்றாலே கதை இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' (1979) ஆல்பத்தில் கதை உண்டு, 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் காலம், பணம், சாவு, பித்து என்ற கவலைகள் மட்டும்தான்.