ஓநாய்ப் படத்தை வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்

கேள்வி: அப்பா ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோது, நாடு திரும்பிய துரை அவரிடம் ஒரு படத்தைக் கொடுத்தார். சிவப்பு முக்காடு போட்ட சிறுமியும் ஓநாயும். கீழே பென்சிலில் 47/150 என்றும் ஒரு கையெழுத்தும் இருக்கின்றன. இது லித்தோகிராப் (கல்லச்சுப் படம்) என்கிறார்கள். உண்மைதானா? பழுப்புப் புள்ளிகள் வேறு விழுகின்றன. ஓரத்தை வெட்டி ஹார்ட்போர்டில் ஒட்டித் தருகிறேன் என்கிறார் பிரேம் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: அப்படிச் செய்யக் கொடுக்காதீர்கள். வெள்ளை ஓரமும் பென்சில் எழுத்தும் படத்தின் பகுதிதான். வெட்டினால் பாதி மதிப்பு குப்பைக்குப் போகும். ஹார்ட்போர்டில் உள்ள அமிலம் தாளைப் பழுப்பாக்கும், ஒட்டியதைப் பிரிப்பதும் கடினம்.

உண்மையானதா என்று பார்க்கப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். லித்தோகிராப் என்பது 1790களின் இறுதியில் ஜெர்மனியின் பவேரியாவில் செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்த அச்சு முறை. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள கிரேயானால் வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டினால், கோடுகளில் மட்டும் மை பிடிக்கும். அதனால் லென்ஸில் கிரேயான் கோடு போலச் சீரற்ற மணிகள் தெரியும். வரிசை பிசகாத சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட்டில், அதாவது புத்தகங்கள் அச்சாகும் இயந்திரத்தில், அச்சான பிரதி. அதற்கும் சிலர் எண்ணும் கையெழுத்தும் போட்டு விற்பதுண்டு, ஆகவே 47/150 என்பது மட்டும் சாட்சியாகாது. 150 பிரதிகளில் இது 47 என்பதே அதன் பொருள். சிறிய எண் என்றால் விலை கூடும் என்பதெல்லாம் கடைப்பேச்சு. (சிவப்பு முக்காட்டுச் சிறுமியின் கதையைப் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் அச்சிட்டபோது ஓநாய் சிறுமியைத் தின்றதோடு கதை முடிந்தது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களுடைய 1812 பதிப்பில்தான் வேட்டைக்காரர் வந்து காப்பாற்றுகிறார். உங்கள் படத்தில் வேட்டைக்காரர் இருக்கிறாரா பாருங்கள், ஓவியர் எந்தக் கதையை எடுத்தார் என்பதற்கு அது ஒரு தடயம்.)

சரி, புள்ளிகளுக்கு வருவோம். உங்கள் ஊரில் பெரிய எதிரி ஈரம்தான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, ஹட்டனில் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்களில் கொஞ்சம் உலர்ந்திருக்கும், அங்கே வடகிழக்கு மழைதான் தொல்லை. இரவுக் குளிரில் கண்ணாடியின் உட்பக்கம் வியர்க்கும். தாள் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த நீர் நேரே மையில் இறங்கும், சில வேளை மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம் அப்படியே கொண்டுபோங்கள்.

ஆகவே கடைக்காரரிடம் அமிலமற்ற பருத்தி அட்டையில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டைச் சட்டம்) கேளுங்கள். அது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி தரும். படத்தைப் பின் அட்டையில் பிடித்து வைக்க, அமிலமற்ற தாளில் மடித்த நான்கு மூலைகள் போதும். பசை படத்தைத் தொடவே தேவையில்லை. செலோடேப்பும் மாஸ்கிங் டேப்பும் கூடவே கூடாது. பிரேமின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவரை விட்டு விலகி நிற்கும், காற்று ஓடும். மழை அடிக்கும் வெளிச்சுவர், அடுப்புப் புகை படும் சுவர், நேர் வெயில் விழும் சுவர் மூன்றும் வேண்டாம்.

புள்ளிகளை அழிறப்பர், பாண் துண்டு, பிளீச் எதனாலும் தேய்க்காதீர்கள். ஈரத்தை நிறுத்தினால் புதிதாக விழுவது பெரும்பாலும் குறையும், இருப்பவை இருக்கட்டும். பஞ்சு போல் பூஞ்சணம் படர்ந்திருந்தால் மட்டும், நன்றாக உலர்ந்த பிறகு, முகக்கவசத்தோடு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். அப்புறம், விலை கேட்பதற்கு முன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். பழைய பிரேமின் பின்னால் ஏதாவது சீட்டு ஒட்டியிருந்தால் அதையும் கிழிக்காமல் பத்திரப்படுத்துங்கள்.