டிராக்டர் வாடகைக் கணக்கை பிளாக்செயினில் போடலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் நாங்கள் ஆறு பேர் கூட்டாக டிராக்டரும் ரொட்டவேட்டரும் வாங்கி, எங்கள் நிலத்துக்குப் போக மீதி நேரம் வாடகைக்கு விடுகிறோம். எத்தனை மணி ஓடியது என்று மாசாமாசம் சண்டை. ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "பிளாக்செயினில் போட்டால் யாரும் ஏமாற்ற முடியாது, கமிஷனும் கிடையாது, முதலில் ஆளுக்குக் கொஞ்சம் டோக்கன் வாங்குங்கள்" என்கிறார். இறங்கலாமா?

பதில்: டோக்கன் என்பது பிளாக்செயினில் ஓடும் டிஜிட்டல் காசு, அதை வாங்காதீர்கள். மற்றதைப் பேசுவோம்.

பிளாக்செயின் என்பது ஒரே கணக்கு நோட்டின் நகல் பல கம்ப்யூட்டர்களில் இருப்பது மாதிரி. ஒருவர் தன் நகலில் திருத்தினால் மற்றவை ஏற்காது. 2009-ல் பிட்காயின் என்ற டிஜிட்டல் பணத்தோடு வந்தது. 2015-ல் வந்த எத்தீரியம் என்ற இன்னொரு பிளாக்செயினில் நிபந்தனையையும் சேர்த்து எழுதலாம், அதாவது வாடகைப் பணம் நடுவில் பூட்டிக் கிடக்கும், வேலை முடிந்ததாகப் பதிவானதும் தானாக உங்களுக்கு வந்துவிடும். டாக்ஸி பிடித்துத் தரும் ஊபர், தங்க வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி எல்லாம் கமிஷன் வாங்குவது முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிற இந்த வேலைக்கும் சேர்த்துத்தான், அதனால் அவர்கள் பிழைப்பில் இது கைவைக்கலாம் என்ற பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் கமிஷனை ஒழிக்க பிளாக்செயின்தான் வேண்டும் என்றில்லை. பெங்களூரில் 2022-ல் வந்த நம்ம யாத்ரி ஆப், அது இல்லாமலே ஆட்டோக்காரர்களுக்குக் கமிஷனே இல்லாமல் செய்துவிட்டது.

சரி, உங்கள் சண்டைக்கு வருவோம். எழுதியதைப் பிறகு யாரோ திருத்துகிறார்கள் என்றால் பிளாக்செயின் உதவும். எழுதும்போதே தப்பு என்றால் அந்தத் தப்பு அழியாமல் நிற்கும், அவ்வளவுதான். உங்கள் வண்டியின் ஹவர் மீட்டரைப் பாருங்கள். பழைய டிராக்டர்கள் பலவற்றில் அது இன்ஜின் சுற்றும் வேகத்தை வைத்து ஓடும். வண்டி ஐடிலில் நின்றால் மெதுவாகத்தான் நகரும். ஓட்டியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்று மணி என்பார், காட்டுக்காரர் மீட்டரைப் பார்த்து இரண்டரை என்பார், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை! எந்தக் கம்ப்யூட்டரும் இதைத் தீர்க்காது. மீட்டரா கடிகாரமா என்று ஆறு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மீட்டர் என்றால், காட்டில் இறங்கும்போது ஒரு போட்டோ, ஏறும்போது ஒரு போட்டோ, உடனே வாட்ஸ்அப் குரூப்பில். கடைசி இலக்கம் மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு நிமிஷம், அதையும் சேர்த்தே எழுதுங்கள். பணத்தை யுபிஐயில் வாங்கினால் அதற்கும் ஒரு பதிவு இருக்கும்.

டோக்கன் ஏன் வேண்டாம் என்றால், விலை நேற்று மாதிரி இன்று இருக்காது. லாபம் வந்தால் 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி, நஷ்டம் வந்தால் அதை வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது. அந்த நிபந்தனையை எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் ஓட்டை இருந்தாலும் ஆபத்துதான்: 2016-ல் எத்தீரியத்தில் நடந்த 'தி டிஏஓ' என்ற கூட்டு நிதியில் ஒருவர் அப்படிப் புகுந்து எத்தீரியத்தின் காசான ஈதரில் சுமார் 36 லட்சத்தை உருவினார்.

நாளைக்கு பென்னாகரம், ராயக்கோட்டை என்று பல ஊர்க் குழுக்கள் சேர்ந்து, முகம் தெரியாதவர்களுக்கும் வண்டி விடும் நிலை வந்தால் தம்பி சொல்வதை மறுபடி கேட்கலாம். இப்போதைக்கு அவரை அந்தப் போட்டோக்களைப் பார்த்து வாரக் கணக்கு போட்டுத்தரச் சொல்லுங்கள்.