12 நாள் கன்றுக்கு முட்டி வீக்கம்: சுளுக்கா, தொப்புள் வழி வந்த நோயா?

கேள்வி: ஐயா, உசிலம்பட்டிப் பக்கத்தில் இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறேன். 12 நாட்களுக்கு முன் ஒன்று கிடாரிக் கன்று ஈன்றது. நான்கு நாட்களாகக் கன்றின் முன்னங்கால் முட்டி வீங்கி, தொட்டால் சுடுகிறது. நேற்றிலிருந்து பின்னங்கால் முட்டியும் வீங்கிவிட்டது. எழுந்து நிற்க மறுக்கிறது, பாலும் பாதிதான் குடிக்கிறது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்தோம். சூடு போடச் சொல்கிறார்கள் சிலர். கால்சியம் குறைவு என்கிறார் தீவனக் கடைக்காரர். எது சரி? பசு இரவில் ஈன்றது. இளங்கொடி விடிந்த பிறகுதான் விழுந்தது. அதற்கப்புறமே சீம்பால் கொடுத்தோம்.

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியில்தான் உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இருக்கிறது. இது சுளுக்கு அன்று; தொப்புள் வழியாக உள்ளே போன கிருமிகள் இரத்தத்தில் கலந்து மூட்டுகளில் தங்கிச் சீழ் வைக்கும் நோய் என்றே அடையாளங்கள் சொல்கின்றன. இதைப் படித்தவுடன் கால்நடை மருந்தகத்துக்குக் கன்றைக் கொண்டு செல்லுங்கள். இயலாவிட்டால் 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். காரணங்களைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

சுளுக்கு என்றால் பெரும்பாலும் ஒரு காலோடு நிற்கும், காய்ச்சல் வராது, பால் குடிப்பதும் குறையாது. சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் எலும்பு மெலிவு, சில மாத வயதில், இரு பக்கமும் ஒரே அளவில், சூடில்லாமல் மெல்ல மெல்லத் தெரியும். சப்பை நோய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கன்றுகளின் சதையைத் தாக்குவது. உங்கள் கன்றுக்கோ ஒரு மூட்டில் தொடங்கிய சூடான வீக்கம் நான்காம் நாள் வேறொரு காலுக்கு மாறியிருக்கிறது. கிருமி இரத்தத்தோடு பயணம் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. கன்றைப் படுக்க வைத்து, தொப்புளை இரண்டு விரல்களுக்கிடையே மென்மையாகப் பிடித்துப் பாருங்கள்: இந்த வயதில் அது காய்ந்து சுருங்கியிருக்க வேண்டும். கட்டைவிரல் பருமனுக்குத் தடித்து, அழுத்தினால் கன்று உதறினாலோ, நாற்றமுள்ள நீர் கசிந்தாலோ மூலம் அங்கேதான் இருக்கிறது.

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகவே வந்துவிடுகின்றன. பசுவின் நஞ்சுக்கொடி, அதாவது நீங்கள் சொல்லும் இளங்கொடி, அவற்றைக் கடத்துவதில்லை. கன்று ஏறத்தாழ வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அந்தக் குறையை ஈடுசெய்வதே சீம்பால். பிறந்த கன்றின் குடல், இந்தப் பெரிய புரதங்களைச் செரிக்காமல் அப்படியே இரத்தத்துக்குள் விடுகிறது. ஆனால் அந்த வாசல் மணிக்கு மணி அடைபட்டுக்கொண்டே வந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் மூடிவிடுகிறது. முதல் ஆறு மணி நேரமே பொன்னான நேரம். விடிந்த பிறகு நீங்கள் கொடுத்த சீம்பால் பசியை ஆற்றியிருக்கும், காவலை முழுதாகத் தந்திருக்காது. இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது விழும்வரை கன்றைப் பால் குடிக்க விடாத வழக்கத்தைக் கைவிட வேண்டும். கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் சுரக்கும் இயக்குநீர் கருப்பையைச் சுருங்கச் செய்வதால், இளங்கொடி விழவும் அது துணைதான் செய்யும்.

தொப்புளில் புகுந்த கிருமி ஏன் மூட்டைத் தேடிப் போகிறது என்று கேட்கலாம். மூட்டின் உள்ளுறையில் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடர்ந்திருக்கின்றன. மூட்டுநீர் ஊறுவதற்காக அவற்றின் சுவர் இலேசாக இருப்பதால், இரத்தத்தில் வரும் கிருமி எளிதில் உள்ளே நழுவிவிடுகிறது. அதை அழிக்க வெள்ளையணுக்கள் திரளாக வந்து தம் நொதிகளைக் கொட்டுகின்றன. அந்த நொதிகள் கிருமியை மட்டுமன்றி, எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பையும் அரிக்கின்றன. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது, மூட்டுநீரிலிருந்துதான் அதற்கு ஊட்டம். அதனால் ஒருமுறை அரித்த இடம் பழையபடி வளர்வதில்லை. தெளிந்து, விரலில் ஒட்டி நூலாக இழுபட வேண்டிய மூட்டுநீர், இந்நோயில் கலங்கி, வெள்ளைத் திரிகளோடு வரும். மருத்துவர் ஊசியால் எடுக்கும்போது நீங்களே பார்க்கலாம்.

ஆகவே எண்ணெய் தேய்த்து உருவுவதை இன்றே நிறுத்துங்கள். சூடு போடுவது தோலையும் புண்ணாக்கும், உள்ளிருக்கும் சீழை ஒன்றும் செய்யாது. கிருமிக்கொல்லி ஊசியை மருத்துவர் சொல்லும் நாள்வரை, பெரும்பாலும் பத்து நாட்களுக்குக் குறையாமல், போட வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்ததென்று நிறுத்துபவர்களின் கன்றுகளே மறுபடி படுக்கின்றன. தேவையெனில் மூட்டைக் கழுவியும் விடுவார். வலிக்கு மருந்துக்கடையில் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாதீர்கள். கால்நடைகளுக்கு அது 2006 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அந்த ஊசி போட்டு இறந்த மாடுகளைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததே காரணம்.

கன்றை வெறுந்தரையில் கிடத்தாமல் வைக்கோலை ஒரு சாண் உயரம் பரப்பி, சில மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். நாளைக்கு நான்கைந்து முறை வயிற்றுக்கடியில் கைகொடுத்து நிறுத்துங்கள். வலிக்காகக் காலை மடக்கியே வைத்திருந்தால் தசைநாண்கள் இறுகி, நோய் போன பிறகும் கால் நீளாது. பாலைக் கறந்து, வெதுவெதுப்பாகப் புட்டியில் புகட்டுங்கள்.

பிழைக்குமா என்றால், ஒரு மூட்டோடு முதல் இரண்டு நாட்களில் வந்திருந்தால் நம்பிக்கையாகச் சொல்லியிருப்பேன். இரண்டு மூட்டுகள், நான்கு நாட்கள் என்பதால், உயிர் பிழைத்தாலும் ஒரு கால் விறைப்பாக நிற்க வாய்ப்புண்டு. எதிர்ப்புச் சக்திக்கென்று விற்கும் டானிக்கில் இப்போது பணத்தைப் போடாதீர்கள். சீம்பால் தந்திருக்க வேண்டியதை அது தராது.

உங்கள் இன்னொரு பசு ஈனும்போது, தொப்புள் கொடியை உடலிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, சுத்தமான நூலால் கட்டி, கீழே வெட்டி, 7 விழுக்காடு டிங்சர் அயோடினில் முழுதாக நனையுங்கள். 25 கிலோ கன்றானால் முதல் சில மணி நேரத்துக்குள் இரண்டரை லிட்டர் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். முதல் ஊட்டு ஒரு மணி நேரத்துக்குள். மிஞ்சும் சீம்பாலை எல்லாம் கிண்டி அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடாமல் ஒரு லிட்டரையாவது உறைபெட்டியில் வையுங்கள். தாய்க்குப் பால் இறங்காத இரவில் அது கைகொடுக்கும். அதை உருக்கும்போது பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில்தான் வைக்க வேண்டும், அடுப்பில் அன்று. சூட்டில் சீம்பால் திரண்டு கட்டியாகிறதே, அப்படித் திரள்பவற்றில் கன்றைக் காக்க வேண்டிய அந்தப் புரதங்களும் அடக்கம்.